வாத்தியம் ஏன் ஒழுங்கைப் பழக்குகிறது?

வீணையில் இருப்பதுபோல வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் இம்மி விலகினாலும் சுருதி பிசகும். காது உடனே காட்டிக்கொடுக்கும். கேட்டுத் திருத்தி மறுபடி வாசிப்பதுதான் பயிற்சி.

1993-இல் உளவியலாளர் ஆன்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்துக்குமேல் தனியாகப் பயின்றிருந்தார்கள். அந்தத் தனிப்பயிற்சி அவர்களுக்கே அவ்வளவு இன்பமானதாக இல்லை! முன்னேற்றத்துக்கு அவசியம் என்று தெரிந்தே உட்கார்ந்தார்கள். இடையிடையே ஓய்வெடுத்தார்கள்; மற்றவர்களைவிடப் பகலில் அதிகம் தூங்கினார்கள். உழைப்பை அளந்து செலவிடுவதும் ஒழுங்குதானே.

ஒருவேளை இது தலைகீழோ, ஏற்கெனவே ஒழுங்குள்ள பிள்ளைகள்தான் இசையில் நீடிக்கிறார்களோ? நியாயமான சந்தேகம். 2013-இல் வெளியான கனடா ஆய்வொன்றில், பொறுப்புணர்வு மிக்கவர்கள் கூடுதல் காலம் இசை பயின்றிருந்தார்கள். ஆகவே வாத்தியத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.