சாவி எங்கே?

சிவகாசிக்காரருக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தைப் பற்றியும் வேண்டியதில்லை. 1920-களின் ஆரம்பத்தில் ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிமேல் ஒட்டுவதற்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சு யந்திரம் வந்தது. பட்டாசும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. எந்த இரண்டு வஸ்துக்களை அருகருகே வைக்கக்கூடாது என்று நம் பாட்டிமார் சொல்வார்களோ, அந்த இரண்டையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வருகிறார்கள்.

இந்தப் பீடிகைக்குக் காரணம் உண்டு. என் தமக்கையின் மகன் அவ்வூர்ப் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேன். விருதுநகரில் என் வீட்டுக்கு அவன் வந்திருந்த சமயம், பழைய புஸ்தகம் ஒன்றைத் தேடி நான் ஒரு சர்வகலாசாலைப் புஸ்தகசாலைக்குப் புறப்பட்டேன். “தனியாகப் போக வேண்டாம், மாமா, நானும் வருகிறேன்” என்று அவனும் கூட வந்தான். எந்தச் சர்வகலாசாலை என்று நேயர்கள் கேட்க வேண்டாம். மேலே படித்தால் அவரவருக்குத் தெரிந்த புஸ்தகசாலை ஒன்று ஞாபகத்துக்கு வரும். அதுவே என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் பையை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். ரிஜிஸ்தரில் பெயர், விலாசம், வந்த நேரம் எல்லாம் எழுதச் சொன்னார்கள். இத்தனை சடங்குகளுடன் உள்ளே விட்டவர்கள், உள்ளே போனபிறகு நம்மை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த உத்தியோகஸ்தரிடம் புஸ்தகத்தின் பெயரைச் சொன்னேன்.

“கம்ப்யூட்டரில் பாருங்கள்” என்றார், தலையைத் தூக்காமல்.

“அது வேலை செய்யவில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறதே, ஸார்?”

“அப்படியானால் நாளைக்கு வாருங்கள்.”

“அலமாரியில் நானே தேடிப் பார்க்கலாமா?”

“வெளியார் அந்தப் பக்கம் போகக்கூடாது.”

மேற்கொண்டு என்ன கேட்பது என்று நான் யோசித்துக் கொண்டிருந்தபோது என் மருமான் மூக்கை உயர்த்தினான். “மாமா, ஏதோ கருகுகிறது” என்றான். நான் திரும்பிப் பார்ப்பதற்குள், வெளியார் போகக்கூடாத அந்த அலமாரிகளுக்கு நடுவிலிருந்து புகை சுருண்டு வந்தது. “நெருப்பு!” என்று ஒரு மாணவன் கூவினான். படித்துக் கொண்டிருந்த முப்பது பேரும் வாசலுக்கு ஓடினார்கள். அங்கே காவலர் கையைக் குறுக்கே நீட்டினார். “டோக்கன்! டோக்கனைக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகப் போங்கள்! ரிஜிஸ்தரில் கையெழுத்து!”

பக்கவாட்டில் இன்னொரு கதவு இருந்தது. அதில் தேங்காய் அளவில் ஒரு பூட்டுத் தொங்கியது.

“சாவி எங்கே?” என்றான் என் மருமான்.

“சூபரிண்டெண்டிடம் இருக்கிறது.”

“அவர் எங்கே?”

“காப்பி சாப்பிடப் போயிருக்கிறார்.”

“வழியை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?”

“திறந்து வைத்தால் புஸ்தகம் திருட்டுப் போகாதா?” என்று உத்தியோகஸ்தர் திருப்பிக் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

சுவரில் சிவப்பு வாளி ஒன்று மாட்டியிருந்தது. மணலுக்குப் பதிலாக அதில் ஒரு பழைய குடை இருந்தது. மின்சாரத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்டான். எந்தச் சிப்பந்திக்கும் தெரியவில்லை. கடைசியில் துடைப்பத்துடன் நின்றிருந்த ஓர் அம்மாள், “இப்படி வாங்க தம்பி” என்று மாடிப்படியின் கீழ் அழைத்துப்போய்க் காட்டினாள். அவன் சுவிட்சைக் கீழே இழுத்தான். டியூப் லைட்டின் சோக் எரிந்து போயிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் புகை அடங்கியது. ஒருவருக்கும் காயமில்லை, ஒரு புஸ்தகத்துக்கும் சேதமில்லை. மூன்று பேர் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்கள் என்பதுதான் காவலருடைய மனக்குறை.

நான் இதைத் தமாஷாக நினைத்துச் சிரித்தேன். என் மருமான் சிரிக்கவில்லை. காரில் வரும்போது வெகு நேரம் கழித்துச் சொன்னான்: “மருந்து செலுத்தும் ஷெட்டில் நாலு பேருக்குமேல் உட்காரக்கூடாது, மாமா. கதவு வெளிப்புறமாகத்தான் திறக்கவேண்டும். வழியில் ஒரு பெட்டிகூட வைக்கக்கூடாது. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.” விதி இருந்தும் அதை மீறுவதனால் எங்கள் பக்கத்தில் வருஷந்தோறும் உயிர்ச்சேதம் நேர்வதை அவனும் மறைக்கவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது 38 பேர் மாண்டார்கள். உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்கள் அவர்களில் பலர். அந்த நாளைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை.

“சோக் எரிந்த விஷயத்தை இவ்வளவு பெரிதாக்குவானேன்?” என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்து மத்தியப் பொதுப் புஸ்தகசாலையில் 1986 ஏப்ரல் 29-ஆம் தேதி காலை அபாய மணி அடித்தது. காரணமில்லாமல் மணி அடிப்பது அங்கே சகஜம். ஆகையால் சுமார் 400 பேர், சற்று நேரத்தில் திரும்பலாம் என்ற நினைப்புடன், நிதானமாகவே வெளியேறினார்கள். கதவுகள் திறந்திருந்தபடியால் எட்டு நிமிஷத்தில் எல்லாரும் தெருவில் இருந்தார்கள். உள்ளே புஸ்தக அடுக்குகள் அடுப்புப் புகைபோக்கி மாதிரி மேல்நோக்கிக் கட்டப்பட்டிருந்தன. நெருப்பு அவற்றில் ஏறி ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. 4 லட்சம் புஸ்தகங்கள் சாம்பலாயின. இன்னும் 7 லட்சம் புகையாலும் நீராலும் கெட்டன. நனைந்தவற்றைப் பூஞ்சை பிடிக்காமலிருக்க உறையவைத்துப் பிறகு உலர்த்தினார்கள். வாசகர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்களிடம் டோக்கன் கேட்டு யாராவது குறுக்கே கை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆப்பிரிக்காவின் தென்கோடியில், கேப்டவுன் சர்வகலாசாலையில் நடந்தது வேறு. 2021 ஏப்ரல் 18-ஆம் தேதி மலைச்சரிவில் பற்றிய காட்டுத்தீ கீழே இறங்கி, ஜாகர் புஸ்தகசாலையின் வாசிப்பு மண்டபத்தை விழுங்கிவிட்டது. ஆனால், நெருப்பை உணர்ந்தவுடனே மூடிக்கொள்ளும் கதவுகளை அங்கே வைத்திருந்தார்கள். அவை தாமாகவே மூடிக்கொண்டபடியால் நிலவறையில் இருந்த அரிய சுவடிகளில் பெரும்பகுதி பிழைத்தது. நெருப்பு வந்ததும் மூட வேண்டிய கதவு ஒரு வகை. திறக்க வேண்டிய கதவு இன்னொரு வகை. நம் புஸ்தகசாலைகளில் திருடனை உத்தேசித்த கதவு மட்டுமே இருக்கிறது. (யாழ்ப்பாணத்தில் 1981-இல் 97,000 நூல்கள் எரிந்ததை இங்கே சேர்க்க மனம் வரவில்லை. அது விரோதிகள் வைத்த தீ. பூட்டும் சாவியும் அதைத் தடுத்திராது.)

திருடனுக்குப் பயப்படும் இந்த வழக்கத்தை நம் தேசத்தில் எதிர்த்தவர் ஒரு தமிழரே. சீர்காழியில் பிறந்த ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக வந்தார். ஆரம்பத்தில் அந்த உத்தியோகம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள நூல் நிலையங்களைப் பார்த்துத் திரும்பியபின் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். புஸ்தகம் உபயோகத்துக்கே என்பதை 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்தார். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புஸ்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அங்கே எடுத்துக் காட்டுகிறார். சிப்பந்திகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அந்த முதல் விதியிலேயே விஸ்தாரமாகச் சொல்கிறார். அந்நியர் ஆட்சி போன மறு வருஷமே, 1948-இல், அவருடைய முயற்சியின் பயனாகச் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. இன்று சங்கிலியைக் காணோம். அந்த இரும்பையெல்லாம் உருக்கிப் பக்கவாட்டுக் கதவுகளுக்குப் பூட்டுச் செய்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

மூன்று மாதம் கழித்து, கிடைக்காத அந்தப் புஸ்தகத்துக்காக மறுபடி போனேன். ஒரு மாறுதல் கண்ணில் பட்டது. பக்கவாட்டுக் கதவின் மேல் “அவசர வழி” என்று சிவப்பு எழுத்தில் பளபளவென்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அச்சின் நேர்த்தியைப் பார்த்தால் எங்கள் பக்கத்து வேலை என்றே தோன்றியது. அதற்குக் கீழே அதே பூட்டு.

“சாவி?” என்று கேட்டேன்.

உத்தியோகஸ்தர் இந்தத் தடவை தலையைத் தூக்கினார். “இனிமேல் கவலையில்லை, ஸார்” என்றார். “சூபரிண்டெண்ட் தம் மேஜை டிராயரிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வெளியே போகிறார்.”