நிரல்களைச் சோதிக்கும் கருவி: அதனை ஆக்கலும் சோதித்தலும்

கடைத்தெருவிலுள்ள எடைக்கற்களைச் சரிபார்க்க வரும் எடையளவு ஆய்வாளர், நியம எடை ஒன்றைத் தம்முடன் கொண்டு வருகிறார். அந்த நியம எடையும் குறித்த கால இடைவெளிகளில், அதனினும் துல்லியமான வேறோர் எடையுடன் ஒப்பிடப்படுகிறது. அளக்கும் கருவியும் அளக்கப்பட வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படைத் தத்துவம். கம்ப்யூட்டர் நிரல்களைப் பரிசோதிக்கும் கருவிகளுக்கும் இது முற்றிலும் பொருந்தும். மழையளவைப் பதிவு செய்யும் தானியங்கி நிலையமும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலும், வங்கிக் கணக்கும் இன்று நிரல்களையே நம்பியுள்ளன. ஆகவே, அந்நிரல்களின் குறைகளைக் கண்டறியும் கருவி எவ்வாறு ஆக்கப்படுகிறது, எவ்வாறு சோதிக்கப்படுகிறது, அது கூறுவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை அறிந்திருத்தல் நலம்.

இருவகைக் கருவிகள்

நிரலை ஆராயும் கருவிகள் இரு வகைப்படும். முதல் வகையைச் சேர்ந்தவை, நிரலை இயக்காமல் அதன் எழுத்து வடிவத்தை மட்டும் படித்து, ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டுகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஸ்டீஃபன் ஜான்சன் உருவாக்கிய 'லின்ட்' என்னும் கருவி இவ்வகைக்கு நல்ல உதாரணம். இரண்டாம் வகைக் கருவிகள், நிரல் இயங்கும்போதே உடனிருந்து அதன் ஒவ்வொரு செயலையும் கண்காணிக்கின்றன. ஜூலியன் ஸூவர்ட் என்பவர் முதலில் எழுதி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வால்கிரின்ட்' இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. வட ஐரோப்பியப் புராணங்களில் வரும் வீரசொர்க்கத்தின் தலைவாயிலுக்குரிய பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது. இதன் மூலநிரல் யாவரும் பெற்றுப் படிக்கவும் திருத்தவும் உரிமை வழங்கப்பட்டு வெளியிடப்படுவதால், இதனையே இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்வோம்.

கருவி வேலை செய்யும் முறை

வால்கிரின்டின் துணையோடு இயங்கும் நிரலின் கட்டளைகள் எவையும் கம்ப்யூட்டரின் மையச் செயலிக்கு நேரே செல்வதில்லை. அவை சிறு சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஓர் இடைநிலை மொழிக்கு மாற்றப்படுகின்றன. கண்காணிப்புக் கட்டளைகள் அவற்றின் இடையே சேர்க்கப்பட்டு, மீண்டும் எந்திரக் கட்டளைகளாக்கப்பட்ட பின்னரே இயங்குகின்றன.

இக்கருவியின் 'மெம்செக்' என்னும் பகுதி, நினைவகத்துக்கு ஒரு நிழலைப் போன்ற பதிவேட்டை வைத்துக்கொள்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டையும் நிரல் தொட உரிமை உள்ளதா என்றும், ஒவ்வொரு பிட்டுக்கும் மதிப்பு அளிக்கப்பட்டுள்ளதா என்றும் அப்பதிவேடு கூறும். இவ்வளவு கணக்கும் எழுதப்படுவதால், நிரலின் வேகம் சாதாரணமாக 20 முதல் 30 மடங்கு வரை குறைகிறது.

ஒரு நுட்பத்தை இங்கே நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். மதிப்பு அளிக்கப்படாத ஓரிடத்தின் உள்ளடக்கத்தை நிரல் வேறோரிடத்துக்குப் பெயர்த்து எழுதுவதை மெம்செக் குற்றமாகக் கொள்வதில்லை. அந்த உள்ளடக்கத்தைக் கொண்டு நிரல் ஒரு தீர்மானத்துக்கு வர முயலும்போதே அது எச்சரிக்கை விடுக்கிறது. ஆகையால், எச்சரிக்கை தோன்றும் வரி ஓரிடத்திலும், குறையின் பிறப்பிடம் வெகு தொலைவில் வேறோரிடத்திலும் இருக்கக்கூடும்.

மூலநிரலிலிருந்து ஆக்குதல்

பெரும்பாலோர் இக்கருவியை ஆயத்த வடிவிலேயே பெற்றுப் பயன்படுத்துகின்றனர், அது போதுமானதே. ஆயினும் மூலநிரலிலிருந்து ஆக்கிக்கொள்ள வேண்டிய நிலைமைகள் உண்டு. புதிய மையச் செயலிகளில் புதிய கட்டளைகள் சேர்க்கப்படும்போது, பழைய வால்கிரின்ட் அவற்றை அறியாமல், இனந்தெரியாத கட்டளை என்று கூறி நின்றுவிடும். அன்றியும், கருவியைச் சோதிப்பதற்குரிய நிரல்கள் மூலநிரலோடு சேர்ந்தே வருகின்றன.

ஆக்கும் வேலை நான்கு படிகளில் நடைபெறுகிறது. முதலாவது, களஞ்சியத்திலிருந்து பெற்ற மூலநிரலில் 'ஆட்டோஜென்' என்னும் கட்டளை ஆயத்தக் கோப்புகளை உண்டாக்குகிறது. இரண்டாவது, 'கன்ஃபிகர்' என்னும் கட்டளை நம் கம்ப்யூட்டரின் மையச் செயலி, இயக்க முறைமை, கம்பைலர் ஆகியவற்றைக் கண்டறிகிறது. மூன்றாவது, 'மேக்' என்னும் கட்டளை மூலநிரலை எந்திரக் கட்டளைகளாக்குகிறது. நான்காவது, கருவி உரிய இடத்தில் நிறுவப்படுகிறது.

புதியவர்களுக்கு இதில் இரண்டு இடர்கள் அடிக்கடி நேர்கின்றன. கருவியை நிறுவ வேண்டிய இடம் இரண்டாம் படியிலேயே குறிக்கப்பட்டுக் கருவிக்குள் பதிந்துவிடுகிறது. நிறுவிய பிறகு அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றினால் கருவி இயங்காது. மற்றோர் இடர், கருவி தொடங்கியவுடனேயே பிழைச் செய்தி தந்து நின்றுவிடுவது. இயக்க முறைமையின் அடிப்படை நூலகத்துக்குரிய பிழைநீக்கக் குறிப்புகள் இல்லாத கம்ப்யூட்டர்களில் இவ்வாறு நேரிடுகிறது. அக்குறிப்புகள் அடங்கிய தொகுப்பை நிறுவினால் தடை நீங்கும்.

விடை தெரிந்த வினாக்களால் சோதித்தல்

ஆக்கப்பட்ட கருவி செம்மையாக இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்துப் பார்ப்பதைப் போன்றதே இங்குள்ள முறையும். வேண்டுமென்றே ஒரு குறையுடன் எழுதப்பட்ட சிறு நிரல்கள் பல மூலநிரலோடு தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் கருவி தர வேண்டிய அறிக்கையும் முன்னதாகவே எழுதி வைக்கப்பட்டுள்ளது. சோதனைக் கட்டளை பிறப்பிக்கப்பட்டதும் அந்நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கப்பட்டு, கிடைத்த அறிக்கை எதிர்பார்த்த அறிக்கையுடன் வரிக்கு வரி ஒப்பிடப்படுகிறது. நினைவக முகவரி போன்று ஒவ்வொரு தடவையும் மாறும் விவரங்கள் ஒப்பீட்டுக்கு முன்னரே வடிகட்டப்படுகின்றன. குறையற்ற நிரல்களும் இவற்றுள் இருப்பது அவசியம். இல்லாத குறையைக் கூறாதிருப்பதும் கருவியின் கடமையன்றோ!

சில சோதனைகள் தோல்வியுற்றால் கருவியே பழுது என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. கம்பைலரின் பதிப்போ நூலகத்தின் பதிப்போ மாறுவதாலும் அறிக்கையின் சொற்கள் மாறக்கூடும். கோப்பில் பதிவாகும் வேறுபாட்டைப் படித்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மறுபுறம், எல்லாச் சோதனைகளும் வெற்றி பெற்றால், வினவப்பட்ட வினாக்களுக்குக் கருவி சரியாக விடையளித்தது என்பதே பொருள். வினவப்படாதவற்றைப் பற்றி அது எவ்வித உறுதியும் அளிப்பதில்லை.

கருவியின் பிழையைத் தேடுதல்

கருவியே பிழைபட்டு நின்றுவிடும்போது, குற்றமுள்ள கட்டளைத் தொகுதியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் ஓட்டத்தில், மாற்றப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரி வீதம் வரிசை எண்ணை மட்டும் அச்சிடச் செய்கின்றனர். கருவி நின்றபோது தோன்றிய இறுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் ஓட்டத்தில் அந்தத் தொகுதியின் விவரங்களை மட்டும் விரிவாக அச்சிடச் செய்கின்றனர். பல்லாயிரம் தொகுதிகளுள் ஒன்றை இவ்வாறு இரண்டே ஓட்டங்களில் பிரித்தெடுத்துவிடலாம்.

மேலும் வியப்பான முறை ஒன்றும் உண்டு. வால்கிரின்டும் ஒரு நிரலே ஆதலால், அதனை மற்றொரு வால்கிரின்டின் கண்காணிப்பில் இயக்கலாம். இதற்கென இரு பிரதிகள் தனித்தனியே ஆக்கப்படுகின்றன. உள்ளே இயங்க வேண்டிய பிரதி, அதற்குரிய சிறப்புக் குறிப்புடன் ஆக்கப்படுகிறது. உட்கருவியின் நினைவகப் பிழைகளை வெளிக்கருவி எடுத்துக் கூறுகிறது.

சரியான அறிக்கையும் தவறான பரிகாரமும்

கருவி செம்மையாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு, உலகம் மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. இணையத்தில் இரகசியச் செய்திகளைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நூலகம், யாராலும் ஊகிக்க இயலாத எண்களைத் தோற்றுவிப்பதற்காகப் பல இடங்களிலிருந்து கிடைக்கும் தரவுகளைக் கலக்கிறது. மதிப்பு அளிக்கப்படாத நினைவக இடம் ஒன்றின் உள்ளடக்கமும் அக்கலவையில் சேர்ந்தது. கலவை முழுவதிலும் அது பரவியதால், அதிலிருந்து பெற்ற எண்களைப் பயன்படுத்திய இடங்களிலெல்லாம் எச்சரிக்கைகள் எழுந்தன.

டெபியன் இயக்க முறைமைக்குரிய பதிப்பில், 2006ஆம் ஆண்டு இவ்வெச்சரிக்கைகளை நிறுத்தும் பொருட்டு, ஒன்றுபோல் தோன்றிய இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்றை நீக்கியதால் தீங்கில்லை. மற்றதோ தரவுகளைக் கலவையில் சேர்க்கும் உயிர்நாடியான வரி. அது மறைந்தபின், எண்களை வேறுபடுத்த எஞ்சி நின்றது, இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இயக்க முறைமை வழங்கும் வரிசை எண் ஒன்றே. அதன் உச்ச வரம்பு 32,768. இதன் விளைவாக, ஒரே வகைக் கம்ப்யூட்டரில் தோன்றக்கூடிய ஒரே நீளமுள்ள இரகசியச் சாவிகள் யாவையும் ஒருவர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த லூசியானோ பெல்லோ இதனைக் கண்டறிந்தார். 2008 மே மாதத்தில் இது அறிவிக்கப்பட்டபோது, பாதிக்கப்பட்ட சாவிகளைக் கைவிட்டுப் புதியன ஆக்க வேண்டியதாயிற்று.

இதில் கருவியின்மேல் குற்றமில்லை. மதிப்பு அளிக்கப்படாத உள்ளடக்கம் இங்கே பயன்படுகிறது என்று அது கூறியது, அது உண்மையே. எந்த வரியை நீக்க வேண்டும் என்று அது கூறவில்லை. அவ்வுள்ளடக்கம் எங்கே பிறந்தது என்பதையும் தேடிக் காட்டும் வசதி, 2009ஆம் ஆண்டு வெளியான 3.4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் சி மொழியில் மூன்று சிறு நிரல்களைக் கொண்டு இவற்றை விளக்கலாம். முதலாவதில், ஐந்து மதிப்பெண்களைக் கூட்டும் மாறிக்குத் தொடக்கத்தில் பூஜ்யம் இடாமல் விட்டு, கூட்டுத்தொகை 175க்குக் குறையாதிருந்தால் தேர்ச்சி என்று எழுதுக. அவ்விடத்தில் தற்செயலாகப் பூஜ்யமே இருந்தால் நிரல் சரியான விடையையே தரும், மெம்செக்கோ எச்சரிக்கும். இரண்டாவதில், இயங்கும்போது கேட்டுப் பெற்ற 20 பைட் இடத்தில், நான்கு பைட் அளவுள்ள ஆறாவது எண்ணை எழுதச் செய்க. வரம்பு மீறல் உடனே அறிவிக்கப்படும். மூன்றாவதில், அதே வரம்பு மீறலைச் சார்பின் உள்ளே அறிவிக்கப்பட்ட சாதாரண வரிசையில் செய்க. மெம்செக் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். அத்தகைய வரிசைகளின் எல்லைகளை அது காவல் செய்வதில்லை. நிரல்களைக் கம்பைல் செய்யும்போது பிழைநீக்கக் குறிப்புகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டால், அறிக்கையில் வரி எண்ணும் காணப்படும்.

முதல் நிரலில் எச்சரிக்கை தோன்றுவது தேர்ச்சியைத் தீர்மானிக்கும் வரியில்; திருத்த வேண்டியதோ மாறியை அறிவித்த வரியில். அந்தத் தீர்மான வரியை நீக்கிவிட்டாலும் எச்சரிக்கை மறையும். ஆனால் மாணவனின் தேர்ச்சியும் கூடவே மறைந்துவிடும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் தாமே கண்டு சொல்லும்படி விடுவது நன்று. களப்பணியாளர்களும் தங்கள் தானியங்கிப் பதிவுக் கருவிகளின் எச்சரிக்கையை நிறுத்துவதற்கு முன்னர், எச்சரிக்கையின் காரணத்தை எழுத்தில் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொள்வாராயின், பின்னர் நேரக்கூடிய பல இன்னல்களைத் தவிர்க்கலாம்.