கேளாமல் எடுத்த படம்

சித்திரபுரத்திலிருந்து மூணாறு செல்லும் மலைப்பாதையில், தேயிலைச் சரிவுகளின் ஓரம் மோட்டார்கள் வரிசையாக நிற்பதை நேயர்கள் அறிவர். இறங்குவோர் கையில் காமிராவோ கைப்பேசியோ இருக்கும். கொழுந்தெடுக்கும் நம் பெண்டிரே அவர்களுக்குக் காட்சி. அனுமதி கேட்டு எடுப்போரும் உண்டு. தூரத்திலிருந்து, வியர்வை துடைப்பதையும் சேலை செருகுவதையும் எடுத்துக்கொண்டு போவோரும் உண்டு.

தான் பார்க்கப்படுவதை அறியாத முகமே மெய்யான முகம் என்பது தெருப்படக் கலைஞரின் வாதம். அதை அடியோடு தள்ளிவிட இயலாது. அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ், 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், மேற்சட்டைக்குள் காமிராவை ஒளித்துப் பிரயாணிகளைப் படமெடுத்தார். களைப்பும் தனிமையும் அம்முகங்களில் அப்படியே தெரிகின்றன. ஆயினும் அவை நூலாக வெளிவந்தது 1966இல்தான். இன்று எடுத்த படமோ, எடுத்தவர் மலையிறங்குமுன் உலகெங்கும் பரவிவிடுகிறது!

ஒளியாமல் கிட்டச் சென்றால் மட்டும் நெருக்கம் வந்துவிடுமா? 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், ஓர் ஏழைத் தாயை டோரதியா லாங் அருகிருந்தே எடுத்தார். படம் உலகப் புகழ் பெற்றது. பெயரை மட்டும் அவர் கேட்கவில்லை. அத்தாய் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியாயிற்று. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று அவர் மனம் நொந்து கூறினார். பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த நமக்கு அவ்வருத்தம் அந்நியமானதன்று.

சட்டம் இங்கு ஓரளவே துணை. பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 முதல் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 77ஆம் பிரிவு. குளிப்பது, உடை மாற்றுவது போன்றவற்றிற்கு அது காவல். திறந்த வெளியில் வேலை செய்பவளின் முகத்திற்கு அப்பிரிவு காவலாகாது. லயத்து வாசலில் குழந்தைக்குப் பாலூட்டுபவளைச் சாலையிலிருந்து எடுத்தால் வழக்கு நிற்குமோ என்பது வக்கீல்கள் வாதிட வேண்டிய விஷயம். எடுப்பவனுக்கு அது கூசவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

2015 செப்டம்பரில் இதே பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு மூணாறு வீதியில் அமர்ந்தனர். காமிராக்கள் அன்றும் வந்தன. ஆனால், அன்று அவர்கள் படமாக மட்டும் இருக்கவில்லை. 20 சதவீத போனஸும் 500 ரூபாய் நாட்கூலியும் வேண்டுமென்று காமிராவை நோக்கித் தாமே பேசினர். செய்தியாளர்களும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டனர்.