நோயுற்றோர் இல்லத்தில் ஒரு முதிய பூனை

நோயுற்றோர் இருக்கும் வீட்டில் பூனை வளர்க்கலாமா என்று பலர் எங்களிடம் வினவுவதுண்டு. வளர்க்கலாம், ஆனால் குட்டியைவிட வயது முதிர்ந்த பூனையே அவ்வீட்டிற்கு ஏற்றது என்பதே எங்கள் விடை.

குட்டிகள் விளையாட்டாகவே கடிக்கும், கீறும். பூனைக்கீறல் நோயை உண்டாக்கும் பார்டோனெல்லா என்னும் பாக்டீரியா குட்டிகளிடமே மிகுதி. எனவே, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஓராண்டு நிறைந்த பூனையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

பத்து வயதைக் கடந்த பூனை பெரும்பொழுதும் உறங்கும். அதன் குணம் முன்பே தெரிந்திருக்கும். எல்லோரும் தம்மையே கவனிக்கும் நிலையில் சோர்ந்திருப்பவருக்கு, தாம் கவனிக்கவும் ஓர் உயிர் உண்டு என்ற எண்ணமே ஆறுதலாகும்.

வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். எழுபது வயதில் குட்டியொன்றைக் கொணர்பவரை, ‘எனக்குப் பின் இதற்கு யார்?’ என்ற கவலை வாட்டும். முதிய பூனைக்கோ இறுதிவரை உடனிருக்க இயலும். ஆயினும், பொறுப்பேற்கும் உறவினர் ஒருவரை முன்னரே தீர்மானிப்பது நன்று.

நாகரசம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து ஓசூருக்கோ பெங்களூருவுக்கோ குடிபெயர்வோர் எல்லோராலும் பூனையை உடன் கொண்டுசெல்ல இயல்வதில்லை. அப்படித் தனித்துவிடப்பட்ட பூனைக்கு நம் திண்ணையே புகலிடமாகலாம். சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலிருந்தும் தத்தெடுக்கலாம்.

சில எச்சரிக்கைகள்: புற்றுநோய் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் முதலில் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் அளித்த பின்னரே வீட்டிற்குள் விடுக. அதன் கழிவை நாள்தோறும் அகற்றுக. கருவுற்ற பெண்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் அப்பணியைத் தவிர்க்க வேண்டும். கடித்தாலோ கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு வருக. உங்கள் மாத்திரைகளை மூடிவையுங்கள். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு உயிர்கொல்லி.

முதிய பூனை வழக்கத்திற்கு மாறாக மிகுதியாக நீர் அருந்தினாலோ மெலிந்தாலோ, அது முதுமைதானே என்றிராதீர்கள். சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். மனிதரைப் போலவே அதற்கும் வேளையோடு மருத்துவம் தேவை; நோயின் வருத்தம் அறிந்த உங்களுக்கு அதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.