ஸ்கூட்டருக்கு ஒரு தனி பிளக்!

கரண்ட் ஸ்கூட்டர் வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம். அதற்குச் சார்ஜ் ஏற்றப்போகும் பிளக் பாயிண்டை யாராவது பார்க்கிறோமா?

எங்கள் மருமகள் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு வேலைக்குப் போக வண்டி எடுத்தபோது, "ஜன்னல் வழியா ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்தா போதாதா?" என்றார் என் கணவர். "போதாது!" என்று மாமியும் மருமகளும் ஒரே கட்சியாக நின்றோம்.

காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனாரும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் டிசம்பரிலிருந்து பாட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை அரசாங்கம் கடுமையாக்கியது. பாட்டரியைக் கம்பெனி பார்க்கட்டும். பிளக்கை நாம்தானே பார்க்கணும்?

மிக்ஸியும் ஸ்கூட்டரும்

பல ஸ்கூட்டர் சார்ஜர்கள் இழுப்பது சுமார் 750 வாட். நம் மிக்ஸி அளவுதான். ஆனால் மிக்ஸி ஓடுவது ஐந்து நிமிஷம். இது நாலைந்து மணி நேரம். பிளக் லூஸாக இருந்தால் அந்த இடம் சூடேறிக்கொண்டே போய், கடைசியில் உருகிவிடும்.

என்ன கேட்டு வாங்கலாம்?

* 16 ஆம்பியர் மூன்று துளை பிளக் பாயிண்ட், ஸ்விட்சுடன். மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி.
* அதற்கென்று தனி எம்.சி.பி. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கரண்ட் கசிந்தால் கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.
* நல்ல எர்த். நம் கடற்கரை மணலில் ஈரம் நிற்காது. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.
* மூடியுள்ள, தண்ணீர் புகாத பெட்டி. உப்புக் காற்று திருகாணியைக்கூடத் தின்றுவிடும்! நம் ஜில்லாவுக்கோ இரண்டு மழைக்காலம்.

லைசென்ஸ் உள்ள ஒயர்மேனையே கூப்பிடுங்கள். ஸ்கூட்டருக்குத் தனி மீட்டர் கட்டாயமில்லை. வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் ஏற்றலாம் என்று மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதல் சொன்னது. கார் என்றால் சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் 7 கிலோவாட் வரை இழுக்கும். மின்வாரிய அலுவலகத்தில் வீட்டு லோடைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எங்கே வைக்கலாம்?

போர்டிகோவில், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில். காஸ் சிலிண்டர் பக்கம் வேண்டாம். வெளியேற இருக்கும் ஒரே வாசலை அடைத்தும் வேண்டாம். வேலூர் சம்பவத்தை நினைத்தால் இது புரியும்.

தினசரிப் பழக்கம்

வண்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல், அரை மணி ஆறவிடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். எல்லோரும் தூங்கும் நேரம் வேண்டாம். விழித்திருக்கும் மாலை நேரமே உத்தமம். அவ்வப்போது ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் ஒயர்மேன் வரும்வரை உபயோகிக்காதீர்கள். பாட்டரி புகைந்தால் பக்கத்தில் போகாமல், எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 101-க்குப் போன் செய்யுங்கள்.

செலவு? 3 யூனிட் கொள்ளும் பாட்டரி காலியிலிருந்து நிரம்ப ஏறத்தாழ மூன்றரை யூனிட் ஆகும். பெட்ரோலில் மிச்சமாகும் காசில் முதல் செலவு இந்தப் பிளக்காக இருக்கட்டும், சகோதரிகளே!