பழுதா, குணமா? ஒரேஞ்ச் வைனும் வன்னிப் பனங்கள்ளும்

நல்ல கள் எது என்று கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு தவறணையில் கேட்டுப் பாருங்கள். ஒரே பதில் கிடைக்காது. இனிப்புப் போகாத உடன்கள்தான் கள் என்பார் ஒருவர். புளிப்பு ஏறி நாக்கைப் பிடித்து இழுக்காவிட்டால் அது வெறும் தண்ணீர் என்பார் இன்னொருவர். பனங்கள்ளுக்கு ஈடு இல்லை என்று ஒரு கட்சி, தென்னங்கள்தான் வயிற்றுக்கு இதம் என்று மறு கட்சி.

உலகின் வைன் குடிப்போரிடையேயும் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வழக்கு நடக்கிறது. அங்கே வாதுக்கு வந்திருப்பது 'ஒரேஞ்ச் வைன்'. இரண்டு வழக்கிலும் கேள்வி ஒன்றுதான்: கலங்கல், துவர்ப்பு, புளிப்பு, காரமான வாசம் இவையெல்லாம் பானத்தின் குணமா, செய்முறையின் பழுதா?

தோலோடு ஊறும் வைன்

ஒரேஞ்ச் வைன் தோடம்பழத்தில் செய்வதல்ல. அது வெள்ளைத் திராட்சையின் வைன். வழக்கமான வெள்ளை வைனுக்குப் பழத்தைப் பிழிந்தவுடன் தோலையும் விதையையும் அகற்றிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். சிவப்பு வைனில் தோல் சாற்றோடு கிடந்து நொதிக்கும். அதன் நிறமும் துவர்ப்பும் அங்கிருந்தே வருகின்றன. சிவப்பு வைனின் இந்த முறையை வெள்ளைத் திராட்சைக்குச் செய்தால் வருவதே ஒரேஞ்ச் வைன். சில நாள் முதல் பல மாதம் வரை தோலோடு ஊறியபின், தேன் நிறத்திலிருந்து செம்பு நிறம் வரை ஏதோ ஒரு சாயலில் அது வெளியே வரும்.

இது புதுமோகம் அல்ல. ஜோர்ஜியா நாட்டில் மண்ணுக்குள் புதைத்த 'க்வெவ்ரி' என்னும் பெரிய மண்சாடிகளில் திராட்சையைத் தோல், விதையோடு நொதிக்க விடுவது வழிவழியாக வந்த முறை. 2013இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டில் வைன் செய்ததற்கு ஏறக்குறைய 8,000 ஆண்டுப் பழைமையுள்ள தடயங்களை ஆய்வாளர்கள் 2017இல் அறிவித்தார்கள். இத்தாலியின் பிரியூலிப் பகுதியில், சுலோவேனிய எல்லையோரம், ஸ்தாங்கோ ராடிகோன் 1995இல் இந்த முறைக்குத் திரும்பினார். அவருடைய அயலவர் யோஸ்கோ கிராவ்னர் 2000இல் ஜோர்ஜியா சென்று பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டே மண்சாடிக்கு மாறினார். 'ஒரேஞ்ச் வைன்' என்ற பெயரை 2004இல் சூட்டியவர் டேவிட் ஹார்வி என்ற பிரித்தானிய வைன் வணிகர்.

இரண்டு கட்சிகள்

விரும்புவோர் முதலில் சொல்வது துவர்ப்பைப் பற்றி. வெள்ளை வைனில் கிடைக்காத ஒரு பிடிமானம் இதில் உண்டு. தேயிலை, உலர்ந்த பழம், கொட்டைப் பருப்பின் வாசம் உண்டு. உறைப்பும் கொழுப்பும் உள்ள சாப்பாட்டுக்கு ஈடுகொடுக்கும் என்பார்கள். எதிர்ப்போர் வாதமும் லேசானதல்ல. நீண்ட நாள் தோலோடு ஊறினால் எந்தத் திராட்சை, எந்த ஊர் என்ற அடையாளமே மறைந்து, எல்லா வைனும் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறார்கள். கெட்டுப்போனதை 'இயற்கை' என்று பெயரிட்டு விற்கிறார்கள் என்பது அவர்களின் கடுமையான குற்றச்சாட்டு.

அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. இவ்வகை வைன் செய்வோரில் பலர், கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைத்தோ தவிர்த்தோ செய்கிறார்கள். அப்போது பக்டீரியா மிஞ்சினால் வைன் வினாகிரியாக மாறத் தொடங்கும். 'எலி வாடை' என்று சொல்லப்படும் இன்னொரு பழுது விசித்திரமானது. கிண்ணத்தை முகர்ந்தால் அது தெரியாது. விழுங்கியபின், வாயிலுள்ள உமிழ்நீர் வைனின் புளிப்பைத் தணிக்கும்போதே அந்த வாடை எழும். துவர்ப்பு செய்முறையிலிருந்து வருவது, ஆகவே குணம். எலி வாடை கவனக்குறைவிலிருந்து வருவது, ஆகவே பழுது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் சண்டை தீரவில்லை.

முட்டிக்குள் நடப்பது

வன்னிக் கள்ளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சீவல் தொழிலாளி பாளையைப் பொல்லால் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாளுக்கு இருமுறை மெல்லிய சீவலாகச் சீவுகிறார். வெட்டுவாய் காய்ந்தால் சாறு நின்றுவிடும் என்பதால் சீவல் தவறக்கூடாது. ஆண்பனையும் சுரக்கும், பெண்பனையும் சுரக்கும்.

சொட்டும் சாறு முதலில் ஏறத்தாழத் தெளிவானது. நூற்றில் பத்துப் பங்குக்கு மேல் சீனி உள்ளது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கும். கிடைப்பது இனிப்பான கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் பாளையிலும் முட்டியின் சுவரிலும் உள்ள ஈஸ்டும் பக்டீரியாவும் உடனே வேலையைத் தொடங்கிவிடும். மரத்திலிருந்து இறக்கும்போதே அது கள். ஈஸ்ட் பெருகப் பெருகச் சாறு பால்போல் வெளுக்கிறது; நுரை பொங்குகிறது; இனிப்பு இறங்கி மதுசாரம் ஏறுகிறது. ஒரு நாளுக்குள் மதுசாரம் நூற்றுக்கு 4 முதல் 6 வரை எட்டலாம். அதற்கு மேலும் வைத்தால் வினாகிரிப் பக்டீரியாவின் கை ஓங்கிவிடும். இலங்கைச் சமையலறைகளில் உள்ள தென்னை வினாகிரி, கள்ளை அந்த எல்லை தாண்ட விட்டுச் செய்வதே.

கள்ளின் கலங்கல் பழுதல்ல. அது உயிருள்ள ஈஸ்ட். மிதமான புளிப்பும் பழுதல்ல. அது பக்டீரியா உண்டாக்கும் லக்டிக் அமிலம். மூக்கைக் குத்தும் வினாகிரி வாடை வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். கழுவாத கானின் ஊத்தை வாடை தொழிலின் பழுது. தண்ணீரும் சீனியும் சேர்ப்பது பழுதுகூட அல்ல, ஏமாற்று. பழகிய நாக்குக்கு இவையெல்லாம் பிளாவை வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். வைன் உலகம் நூல் நூலாக எழுதிப் படிக்கும் அறிவை எங்கள் ஊர் வாய்வழியாகவே வைத்திருக்கிறது.

போத்தலில் அடைத்தால்?

பனை ஆண்டு முழுவதும் சுரக்காது. அது ஓயும் காலத்தில் தென்னங்கள்தான். இறக்கிய கள்ளும் நாள் கடந்தால் நிற்காது. இதற்காகத்தான் வடக்கின் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைச் சூடாக்கிப் போத்தலில் அடைக்கின்றன. புலம்பெயர் நாடுகளுக்கும் அது போகிறது. சூடு நொதிப்பை நிறுத்துகிறது. அதோடு உடன்கள்ளின் நுரையையும் வாசத்தையும் தணித்துவிடுகிறது. தவறணைக்காரருக்கு அது 'செத்த கள்'. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவருக்கு அதுவே ஊரின் ருசி. இருவர் சொல்வதும் சரி. இரண்டும் வேறு வேறு பானங்கள். ஒன்றை வைத்து மற்றதை அளப்பதுதான் தவறு.

மரமும் மனிதரும்

பூநகரி, பளை, பச்சிலைப்பள்ளிப் பக்கம் பனங்கூடல்கள் யுத்தத்தில் பட்ட அடி பெரிது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணையில் வட்டு இழந்த பனை மீண்டும் தழைப்பதில்லை. நட்ட விதை பாளை தள்ள 12 முதல் 20 ஆண்டு வரை செல்லும். 2009க்குப் பின் நட்டவை இப்போதுதான் அந்த வயதை எட்டத் தொடங்குகின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்குகிறது. ஆனால் மரம் மட்டும் வளர்ந்தால் போதாது, ஏற ஆள் வேண்டும்.

ஆள் ஏன் குறைகிறது என்பதற்கு விடை தெரிந்ததே. உயரத்திலிருந்து விழுந்து உயிரையும் கைகாலையும் இழக்கும் ஆபத்து ஒரு பக்கம். இறக்கும் கையைச் சாதியின் பெயரால் தாழ்த்திவிட்டு, இறக்கிய கள்ளை மட்டும் ருசித்த எங்கள் சமூகத்தின் பழி மறு பக்கம். இத்தாலியின் பிரியூலியில் மண்சாடியில் வைன் ஊறவிடுகிறவரின் பெயர் போத்தலில் அச்சாகிறது. உலகம் அவரைக் கலைஞர் என்று கொண்டாடுகிறது. எங்கள் சீவல் தொழிலாளியின் நுட்பம் அதற்கு எள்ளளவும் குறைந்ததல்ல. அவர் பெயரை எந்தப் போத்தலிலும் காணோம்.

என்ன செய்யலாம்?

ஒரேஞ்ச் வைன் சண்டை எங்களுக்குத் தரும் பாடம் தெளிவானது. ருசி அவரவர் உரிமை. ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். வைனை உலக அளவில் வரையறுக்கும் சர்வதேச அமைப்பு 2020இல் தோலோடு ஊறும் வெள்ளை வைனைத் தனி வகையாக ஏற்று, குறைந்தது ஒரு மாதம் ஊறவேண்டும் என்று விதித்தது. குடிப்பவருக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது.

கள்ளுக்கும் அப்படி ஓர் அளவுகோல் வேண்டும். பனையா தென்னையா, எந்த ஊர், இறக்கிய நாளும் வேளையும் எவை, சூடாக்கியதா இல்லையா, இறக்கியவர் யார் என்று கூட்டுறவுச் சங்கங்கள் போத்தலிலும் தவறணைப் பலகையிலும் எழுத வேண்டும். அப்போது கலப்படம் தானாக வெளிப்படும்; நல்ல கள்ளுக்கு நல்ல விலை கேட்கலாம்; அந்த விலையில் தொழிலாளிக்கு உரிய பங்கும் விபத்துக் காப்புறுதியும் கேட்கலாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. வைனானாலும் கள்ளானாலும் மதுசாரம் மதுசாரமே. இயற்கையானது என்பதால் ஈரலுக்கு இரக்கம் காட்டாது. குடிக்காதவர் அதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவர் அளவறிந்து குடிக்கட்டும். அடுத்த முறை தவறணைக்குப் போனால், "எந்த மரத்துக் கள், எப்போது இறக்கியது, இறக்கினவர் யார்?" என்று கேளுங்கள். கேட்பவர் கூடினால் எழுதி வைப்பவரும் கூடுவர்.