வணிக நிர்வாகமா, பொருளியலா?

எஸ்.டி.பி.எம். முடித்த மாணவர்கள் பலர், இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணி யு.பி.யு. விண்ணப்பத்தில் அடுத்தடுத்து நிரப்புவதைப் பார்க்கிறேன். இரண்டும் வேறு. எங்கள் லூமுட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஜனவரி 1 முதல் எதிரே உள்ள பங்கோர் வரிவிலக்குத் தீவு. அங்கே கடை வைத்திருப்பவர் எந்தச் சரக்கை வாங்குவது, என்ன விலை போடுவது, எத்தனை ஆள் வைப்பது? இது வணிக நிர்வாகம். வரி போனதில் அரசுக்கு எவ்வளவு இழப்பு, லூமுட் கடைகளுக்கு லாபமா நட்டமா? இது பொருளியல்.

தெலுக் ரூபியாவுக்கு 4 லட்சம் டன் கொள்ளளவுள்ள கப்பல்கள் பிரேசிலின் இரும்புத் தாதுவைக் கொண்டுவருகின்றன. ஏன் அவ்வளவு பெரிய கப்பல்? டன்னுக்கு ஆகும் செலவு குறையும். பிறகு சிறிய கப்பல்களில் மற்ற ஆசிய நாடுகளுக்குப் போகிறது. முதலாமாண்டுப் பொருளியல் பாடம் நம் கடற்கரையிலேயே நடக்கிறது!

“கணக்கு வராது மாமா, அதனால பிஸ்னஸ்” என்றாள் என் அக்கா மகள். அங்கும் புள்ளியியல், கணக்கியல் உண்டம்மா என்றேன். முகம் வாடிவிட்டது. பொருளியலில் நுண்கணிதமும் சேரும்.

கெடா சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டுமே உண்டு, யு.பி.யு. வழி விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கு அருகே என்றால் கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது தனியார், விண்ணப்பம் தனி, கட்டணமும் கூடுதல். பி.டி.பி.டி.என். கடனை எப்படித் திருப்பிக் கட்டுவது என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.